சீட்டில் எழுதிய மைலும் சாலையில் கிடைத்த மைலும்

அளவை என்பது வாணிகத்தின் உயிர்நாடி. படியும் தராசும் அரசின் முத்திரை பெற்றிருத்தல் வேண்டும் என்று நாடுகள் பலவும் பண்டுதொட்டே விதித்து வந்துள்ளன. நெல்லைப் படியாலும் துணியை முழக்கோலாலும் அளந்து வாங்கியவன், வீடு சென்றபின் அதே படியாலும் அதே கோலாலும் மீண்டும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். குறை இருப்பின் கடைக்காரனைக் கேட்கலாம். ஆனால் மோட்டார் வண்டி வாங்குபவனுக்கு இவ்வசதி இல்லை. அவ்வண்டி ஒரு கலன் பெற்றோலில் எத்தனை மைல் ஓடும் என்பதை அவன் கடையில் நின்று அளந்தறிய முடியாது. பிறர் அளந்து எழுதிய எண்ணை நம்பியே அவன் பணத்தைக் கொடுக்கின்றான்.

ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் புதிய கார்களின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். நகரத்தில் கலனுக்கு இத்தனை மைல், நெடுஞ்சாலையில் இத்தனை மைல், இரண்டும் சேர்ந்த சராசரி இத்தனை மைல் என மூன்று எண்கள் அதில் காணப்படும். குடும்பத்தோடு பயணஞ் செய்வதற்கெனப் பெரிய கார் ஒன்றை வாங்குபவர், அவ்வெண்களைக் கொண்டு மாதச் செலவைக் கணக்கிடுகின்றார். சில மாதங்கள் கழிந்தபின் பெற்றோல் நிலையத்துப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால், கணக்கு ஒத்து வருவதில்லை. சீட்டு 25 என்று கூற, சாலை 21 என்று கூறுகின்றது. அங்ஙனமாயின் பொய்யுரைத்தது யார்? சீட்டா, வண்டியா, அல்லது வண்டியை ஓட்டியவரா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், பெரிய குடும்பக் கார் என்பது யாது என்று தெளிதல் நன்று. நான்கு கதவுகளும், பின்புறத்தில் பொதிகளுக்கெனத் தனியாக அடைக்கப்பட்ட இடமும் உடைய காரையே செடான் என்பர். அமெரிக்க அரசு இவ்வண்டிகளை உள்ளிடத்தின் பருமனைக் கொண்டு வகுக்கின்றது. ஆட்கள் அமரும் இடமும் பொதி வைக்கும் இடமும் சேர்ந்து 110 கன அடிக்குக் குறையாதும் 120 கன அடிக்கு உட்பட்டும் இருப்பின் அது நடுத்தர வண்டி. 120 கன அடியும் அதற்கு மேலும் இருப்பின் பெரிய வண்டி. அந்நாட்டில் நெடுங்காலம் விற்கப்பட்ட போர்ட் டோரஸ், செவர்லே இம்பாலா, கிறைஸ்லர் 300 ஆகியவற்றின் பிற்கால வடிவங்கள் பெரிய வகுப்பைச் சேர்ந்தவை. இத்தகைய வண்டி ஒன்றின் நிறை ஏறத்தாழ 1,700 கிலோகிராம். இந்நிறையே பின்னர் வரும் கணக்குகள் பலவற்றுக்கும் மூலமாகும்.

சீட்டு ஒட்டும் வழக்கம் ஒரு நெருக்கடியின் பயனாக நிலைபெற்றது. 1973 ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது அமெரிக்கப் பெற்றோல் நிலையங்களில் வண்டிகள் வரிசை வரிசையாகக் காத்துக் கிடந்தன. மறுஆண்டு தொடக்கத்தில், நாடெங்கணும் மணிக்கு 55 மைலுக்கு மேற்பட்ட வேகம் கூடாது என்று சட்டஞ் செய்யப்பட்டது. 1975 டிசம்பரில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நிறைவேறியது. வண்டிகளின் எரிபொருட் சிக்கனத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும், அவ்வளவு வாங்குவோர் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்படவும் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளைகளுள் ஒன்று. அளக்கும் முறையை வகுக்கும் பொறுப்பு அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்திடம் இருந்தது.

அவ்வளவை எடுக்கும் விதம் பலருக்கு வியப்பளிக்கக் கூடியது. வண்டி சாலையிலே ஓடுவதில்லை. ஆய்வுகூடத்துள், சுழலும் உருளைகளின் மேல் அதன் சில்லுகள் நிற்க, இருந்த இடத்திலேயே அது ஓடுகின்றது. சாரதியின் முன்னே ஒரு திரை இருக்கும். இந்த நொடியில் இவ்வளவு வேகம் என்று அத்திரை காட்டும் கோட்டைச் சிறிதும் வழுவாது அவர் பின்பற்றுதல் வேண்டும். செலவாகும் பெற்றோலை நேரே அளப்பதுமில்லை. வெளிவரும் புகையைச் சேகரித்து, அதிலுள்ள காபனின் அளவைக் கண்டு, எரிந்த பெற்றோல் எவ்வளவு என்று கணக்கிடுகின்றனர்.

நகர ஓட்டத்துக்கான பாடம், 1960களின் பிற்பகுதியில் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துச் சாலைகளில் மக்கள் வண்டி ஓட்டிய பாங்கிலிருந்து அமைக்கப்பட்டது. அதன் தூரம் 11 மைல். சராசரி வேகம் மணிக்கு 21 மைல். நெடுஞ்சாலைப் பாடத்தின் தூரம் 10 மைலுக்குச் சற்று அதிகம். சராசரி வேகம் 48 மைல். உச்ச வேகம் 60 மைல் மாத்திரமே. 55 மைல் வேகச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்துக்கு அது பொருந்துவதே. ஆய்வுகூடத்தின் வெப்பநிலையோ 20 முதல் 30 பாகை செல்சியசுக்குள் அமையும். மழையுமில்லை, காற்றுமில்லை, மேடுமில்லை, குளிரூட்டியும் இயக்கப்படுவதில்லை. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுப்பதற்கு இத்தகைய ஒழுங்கு இன்றியமையாதது. ஒரு வண்டியை மழையிலும் மற்றொன்றை வெயிலிலும் ஓட்டி அளந்தால் ஒப்பிடுதல் இயலாதன்றோ? ஆயினும் தராசு செம்மையாக இருப்பது ஒன்று. தராசில் வைத்த பொருள் வாழ்க்கையை ஒத்திருப்பது வேறொன்று.

ஆய்வுகூடத்திலிருந்து சாலைக்கு வந்தவுடன் முதலில் எதிர்ப்படும் பகை காற்றேயாகும். வேகம் கூடும்போது காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கின்றது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடிய வண்டி 75 மைல் வேகத்தில் ஓடுமாயின், வேகம் நான்கில் ஒரு பங்கே கூடியிருக்கின்றது. காற்றின் தடையோ 56 சதவீதம் கூடிவிடுகின்றது. 55 மைல் வேகச் சட்டம் 1995 இல் நீக்கப்பட்டபின், நெடுஞ்சாலைகளில் 70, 75 மைல் என்பன வழக்கமான வேகங்களாயின. 60 மைலுக்கு மேற்படாத பாடத்தில் தேறிய எண், அவ்வேகங்களில் ஓடும் வண்டிக்கு எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது பகை வண்டியின் நிறை. 1,700 கிலோகிராம் நிறையுடைய வண்டியை மணிக்கு 60 மைல் வேகத்துக்குக் கொண்டுவரின், அதனுள் ஏறத்தாழ 6 இலட்சம் யூல் சக்தி சேர்ந்திருக்கும். எரிபொருட் சக்தியில் கால் பங்கையே எஞ்சின் பயனுள்ள வேலையாக மாற்றுகின்றது எனக் கொண்டால், அதன்பொருட்டு எரியும் பெற்றோல் ஏறத்தாழ 75 மில்லிலீற்றர். சாரதி தடையை அழுத்தியவுடன் அச்சக்தி முழுவதும் தடைத் தகடுகளில் வெப்பமாகிக் காற்றோடு கலந்துவிடுகின்றது. முன்னே செல்லும் வண்டியை நெருங்கிச் சென்று, சடுதியாகத் தடுத்து, மீண்டும் விரைந்து செலுத்துபவர், ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கிண்ணம் பெற்றோலைத் தெருவிலே ஊற்றுகின்றார் எனலாம். இலேசான வண்டியில் கிண்ணம் சிறிது. பெரிய வண்டியில் கிண்ணம் பெரிது.

மூன்றாவது, நின்றுகொண்டே எரித்தல். 4.6 லீற்றர் எஞ்சின் பூட்டிய பெரிய செடான் ஒன்று, அசையாது நின்று எஞ்சின் மாத்திரம் ஓடும்போது, மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் பெற்றோலைக் குடிக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் அளவீடு கூறுகின்றது. 2 லீற்றர் எஞ்சின் உடைய சிறிய கார் அதில் பாதிக்கும் குறைவாகவே குடிக்கும். நெரிசலிலும், பாடசாலை வாயிலிலும் காத்து நிற்கும் வண்டி ஒரு மைல்கூட ஓடுவதில்லை. தாங்கியில் உள்ள பெற்றோல் மாத்திரம் குறைந்துகொண்டே போகின்றது.

நான்காவது காலநிலை. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடித்திருக்கும், உராய்வு மிகும், எரிபொருளும் கூடுதலாகச் செலுத்தப்படும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 7 பாகையாகக் குறையும்போது, நகர்ப்புறக் குறும்பயணங்களில் சாதாரண காரின் சிக்கனம் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். மின்கலத்தின் துணையோடு ஓடும் ஹைபிரிட் என்னும் இருவிசை வண்டியில் இவ்விழப்பு மூன்றில் ஒரு பங்கை எட்டும். வெயிற் காலத்திலோ குளிரூட்டி தன் பங்கைக் கேட்கின்றது. இவற்றோடு, காற்றுக் குறைந்த ரயர்களும், அந்நாட்டுப் பெற்றோலிற் பெரும்பாலும் 10 சதவீதம் அளவில் கலக்கப்படும் எதனோலும் தத்தமக்குரிய சிறு கழிவைச் செய்கின்றன.

இக்குறைபாடுகளை அமெரிக்க அதிகாரிகள் அறியாதிருந்தாரல்லர். சீட்டின் எண்கள் மிகையானவை என்ற முறைப்பாடு எழுந்தமையால், 1985 ஆம் ஆண்டு வண்டிகள் தொடக்கம், ஆய்வுகூடத்தில் கிடைத்த நகர எண்ணில் 10 சதவீதமும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதமும் கழித்தபின்னரே சீட்டில் அச்சிட வேண்டும் என்று விதித்தனர். இருபது ஆண்டுகளின் பின் அக்கழிவும் போதாதெனக் கண்டு, 2008 ஆம் ஆண்டு வண்டிகள் முதல் புதிய கணிப்பு முறையைப் புகுத்தினர். 80 மைல் வேகம்வரை விரைந்து செல்லும் ஓட்டம், 35 பாகை வெப்பத்தில் குளிரூட்டியோடு கூடிய ஓட்டம், உறைகுளிரில் நிகழும் ஓட்டம் ஆகிய மூன்றும் பழைய இரண்டோடு சேர்க்கப்பட்டன. காற்று, சாலையின் தன்மை, ரயர், எரிபொருள் ஆகியவற்றுக்கென மேலும் 9.5 சதவீதம் கழிக்கப்பட்டது. இதன் பயனாக நகர எண்கள் சராசரியாக 12 சதவீதமும் நெடுஞ்சாலை எண்கள் 8 சதவீதமும் இறங்கின. வண்டிகள் மாறவில்லை, முன்பு ஓடிய தூரமே ஓடின. சீட்டு மாத்திரம் உண்மைக்குச் சற்று அண்மையில் வந்தது.

ஆயினும் முறை செம்மையானால் மாத்திரம் போதாது. முறைக்கு உள்ளீடாகக் கொடுக்கும் எண்ணும் செம்மையாக இருத்தல் வேண்டும். உருளைகள் வண்டிக்கு எவ்வளவு தடை கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். இதற்கென வண்டியைத் திறந்த ஓடுபாதையில் விரைந்து செலுத்தி, எஞ்சினின் இணைப்பை விடுத்து, அது தானாக வேகம் தணியும் விதத்தை அளப்பர். இவ்வளவீட்டில் நேரும் சிறு பிழை சீட்டில் பெரும் பிழையாக வந்து நிற்கும். சோதனைகளிற் பெரும்பாலானவற்றை வண்டி செய்வோரே தம் கூடங்களில் நடத்துகின்றனர். அரசு நிறுவனம் அவற்றுள் 15 முதல் 20 சதவீதத்தையே தானும் சோதித்து உறுதி செய்கின்றது.

இதன் விளைவை இரு நிகழ்ச்சிகள் காட்டின. 2012 நவம்பரில், ஹியுண்டாய், கியா ஆகிய இரு நிறுவனங்களும் 2011 முதல் 2013 வரையுள்ள தம் வண்டிகள் பலவற்றின் சீட்டுகளைத் திருத்த நேர்ந்தது. பெரிய செடானாகிய ஹியுண்டாய் அசேராவும், சொனாட்டாவின் இருவிசை வடிவமும் அவற்றுள் அடங்கும். வேகம் தணியும் அளவீட்டில் நேர்ந்த பிழையே காரணம் என்று அந்நிறுவனங்கள் கூறின. 2014 இல் இவ்விவகாரம் 10 கோடி டொலர் தண்டத்தோடு தீர்க்கப்பட்டது.

மற்றையது போர்ட் நிறுவனத்தின் பியூஷன் என்னும் நடுத்தரக் குடும்பச் செடானின் இருவிசை வடிவத்தைப் பற்றியது. நகரிலும் நெடுஞ்சாலையிலும் 47 மைல் என்று அதன் சீட்டு கூறிற்று. கன்சியூமர் றிப்போர்ட்ஸ் என்னும் நுகர்வோர் சஞ்சிகை அவ்வண்டியைச் சாலையில் ஓட்டி, எரிபொருட் குழாயில் அளவுகருவி பொருத்தி அளந்து, 2012 டிசம்பரில் முடிபை வெளியிட்டது. நகரில் 35, நெடுஞ்சாலையில் 41, மொத்தத்தில் 39 மைல் என்பதே அம்முடிபு. இத்துணை வேறுபாட்டுக்கு இருவிசை வண்டியின் இயல்பும் ஒரு காரணம். அவ்வண்டி தொடக்கத்தில் மணிக்கு 62 மைல் வேகம்வரை மின்விசையால் மாத்திரம் ஓடவல்லதாக அமைக்கப்பட்டிருந்தது. நெடுஞ்சாலைப் பாடத்தின் உச்ச வேகமோ 60 மைல். எனவே அப்பாடம் முழுவதிலும் எஞ்சின் ஓய்வு கொள்ள வாய்ப்பிருந்தது. 70 மைல் வேகத்தில் பயணஞ் செய்த குடும்பத்துக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. ஆனால் இயல்பு மாத்திரம் காரணமன்று. தடையைக் கணிக்கும் அளவீட்டிலும் பிழை நேர்ந்திருந்தமையை நிறுவனமே கண்டறிந்து அரசுக்கு அறிவித்தது. 2014 ஜூனில் அவ்வண்டியின் எண் 47 இலிருந்து 42 ஆகவும், அதன் உடன்பிறப்பாகிய லிங்கன் எம்.கே.இசட். இருவிசை வண்டியின் எண் 45 இலிருந்து 38 ஆகவும் குறைக்கப்பட்டன. உரிமையாளருக்கு இழப்பீட்டுத் தொகையும் வழங்கப்பட்டது.

ஐரோப்பாவின் கதை இதனினும் நீண்டது. அங்கு வழங்கிய பழைய சோதனை 11 கிலோமீற்றர் தூரமே கொண்டது; மென்மையான வேகமும் நீண்ட நிற்றல்களும் நிறைந்தது. 2001 ஆம் ஆண்டில் சீட்டுக்கும் சாலைக்கும் இடையே 9 சதவீதமாக இருந்த வேறுபாடு, 2010களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 40 சதவீதமாக வளர்ந்துவிட்டது என்று தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றத்தின் ஆய்வு காட்டிற்று. சாலையில் ஓடும் வண்டி இத்துணை விரைவில் கெட்டுப்போகவில்லை. சோதனையில் தேறும் கலையே வளர்ந்தது. 2017 தொடக்கம் 23 கிலோமீற்றர் தூரமும் 131 கிலோமீற்றர் உச்ச வேகமும் கொண்ட புதிய சோதனை புகுத்தப்பட்டது. அதன்பின் புதிய கார்களினுள்ளேயே எரிபொருட் செலவைப் பதியும் கருவி பொருத்தப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அப்பதிவுகளைத் தொகுத்து ஐரோப்பிய ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பெற்றோல், டீசல் கார்கள் சீட்டின் அளவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகவே எரிக்கின்றன. மின்னேற்றிக்கொள்ளும் இருவிசை வண்டிகளோ ஏறத்தாழ மூன்றரை மடங்கு புகையை விடுகின்றன; அவற்றை மின்னேற்றாமலே பலர் ஓட்டுவது இதற்கு முதன்மையான காரணம்.

இவ்வளவும் அறிந்தபின், குடும்பத் தலைவர் ஒருவர் மனத்திற் கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. கலனுக்கு எத்தனை மைல் என்ற எண் கண்ணை மயக்கும் இயல்புடையது. 47 எண் 42 ஆகக் குறைந்தால் 5 மைல் போயிற்றே என்று மனம் பதறும். 20 எண் 18 ஆகக் குறைந்தால், 2 மைல் தானே என்று ஆறுதலடையும். ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் வண்டியைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். 47 மைலுக்கு 319 கலன் தேவை. 42 மைலுக்கு 357 கலன் தேவை. இழப்பு 38 கலன். மற்றையதிலோ, 20 மைலுக்கு 750 கலன் தேவை. 18 மைலுக்கு 833 கலன் தேவை. இழப்பு 83 கலன். அமெரிக்கக் கலன் ஒன்று ஏறத்தாழ 3.8 லீற்றர் ஆகலின், பின்னைய இழப்பு 300 லீற்றருக்கும் மேற்பட்டது. இரண்டிலும் சீட்டுக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாடு பத்தில் ஒரு பங்கு அளவினதே. ஆயினும் பெருந்தீனி உண்ணும் வண்டியில் அப்பத்தில் ஒரு பங்கு, சிற்றுணவு உண்ணும் வண்டியில் உள்ளதைப் போல் இரு மடங்கு பணத்தைக் கொண்டுபோகின்றது.

இம்மயக்கத்தை லாரிக், சோல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 2008 இல் எடுத்துக்காட்டினர். 2013 ஆம் ஆண்டு வண்டிகள் தொடக்கம் அந்நாட்டுச் சீட்டில், 100 மைலுக்கு எத்தனை கலன் என்ற எண்ணும் கட்டாயமாக அச்சிடப்படலாயிற்று. சிறிய எழுத்தில் இருப்பினும், வாங்குபவர் முதலில் நோக்க வேண்டிய எண் அதுவே. 100 கிலோமீற்றருக்கு இத்தனை லீற்றர் என்று ஐரோப்பிய நாடுகள் பல எழுதும் வழக்கமும் இவ்வகையில் நேர்மையானது.

சீட்டைச் சரிபார்க்க விரும்புபவருக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. தாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அடுத்த முறையும் நிரப்பி, ஊற்றிய அளவால் ஓடிய தூரத்தைப் பிரித்தல் வேண்டும். ஒரு முறை பார்த்து முடிவு செய்தல் தவறு. ஒவ்வொரு முறையும் தாங்கி ஒரே மட்டத்துக்கு நிரம்புவதில்லை. பல முறை நிரப்பியதையும் ஓடியதையும் கூட்டிப் பார்த்தாலே உண்மை புலனாகும். வண்டியின் முகப்பிலுள்ள திரை காட்டும் எண்ணைக்காட்டிலும் இக்கணக்கு நம்பத்தக்கது.

சீட்டின் கீழே, உம் வண்டி தரும் மைல் வேறுபடலாம் என்ற பொருள்பட எழுதப்பட்ட எச்சரிக்கை அமெரிக்கர் பேச்சில் ஒரு பழமொழி போலவே நிலைத்துவிட்டது. அவ்வெச்சரிக்கையின் பொருள் எண் பயனற்றது என்பதன்று. இரு வண்டிகளை ஒப்பிட்டு, இதனினும் அது சிக்கனமானது என்று துணிவதற்குச் சீட்டு சிறந்த துணை. ஆனால் ஆண்டிறுதியில் பணப்பையில் எவ்வளவு எஞ்சும் என்பதற்கு அது பிணையாகாது. அந்தக் கணக்கைத் தீர்மானிப்பவை சாரதியின் பாதமும், செல்லும் சாலையும், வண்டியின் நிறையுமே. இவற்றுள் சாலையையும் காலநிலையையும் மாற்றல் ஒருவர் கையில் இல்லை. வண்டியின் பருமனைத் தெரிவு செய்தல் வாங்கும் நாளில் ஒரு முறை அவர் கையில் உண்டு. பாதத்தை அடக்குதல் மாத்திரம் ஒவ்வொரு நாளும் அவர் கையிலேயே உண்டு.